உறவினரோடு குடியேறுமுன்: எந்தக் காசு நிற்கும், எந்தக் காசு குறையும்

பிரித்தானியாவில் மாற்றுத்திறனுக்கான உதவித்தொகை பெற்றுக்கொண்டு தனியே இருப்பவர், இனி அக்கா வீட்டிலோ மகள் வீட்டிலோ போய் இருக்க நினைக்கிறார். அல்லது தம்பி பெட்டியோடு இவருடைய கவுன்சில் வீட்டுக்கு வந்து சேர்கிறார். நோய், முதுமை, வாடகை, தனிமை என்று காரணம் எதுவாக இருந்தாலும் எல்லாரும் முதலில் கேட்பது, "சேர்ந்து இருந்தால் காசை வெட்டிப்போடுவாங்களோ?" என்பதைத்தான்.

உடல்நிலைக்காகத் தரும் அடிப்படைக் கொடுப்பனவை வெட்டமாட்டார்கள். அதோடு ஒட்டி வரும் தொகைகள்தான் ஏறி இறங்கும். யார் யாருடைய வீட்டுக்குப் போகிறார், அந்த உறவுமுறை என்ன, பராமரிப்பதற்காக யாராவது காசு எடுக்கிறாரா என்ற மூன்றையும் வைத்தே அவற்றைத் தீர்மானிக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்ட பிறகு பெட்டி கட்டுங்கள்.

இங்கே வரும் தொகைகள் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை மாறுவதால் அரசின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் இங்கிலாந்தை வைத்துச் சொல்லப்பட்டவை. ஸ்கொட்லாந்தில் பிப்புக்கு (பேர்சனல் இண்டிபென்டென்ஸ் பேமென்ட்) பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் இருக்கிறது; வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸ் என்பதே கிடையாது.

எது மாறாது

பிப், ஓய்வூதிய வயதினருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. (டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) ஆகியவை வருமானம் பார்த்துத் தரப்படுபவை அல்ல. நீங்கள் மாளிகையில் குடியிருந்தாலும் ஒற்றை அறையில் இருந்தாலும் தொகை ஒன்றுதான். பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி வாரம் 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டப் பகுதி 29.20 அல்லது 77.05 பவுண். அக்காவின் சம்பளமோ அத்தானின் கடை வருமானமோ இதைத் தொடாது. நோயால் வேலை செய்ய இயலாதவர்க்கு, தேசியக் காப்புறுதி கட்டியதன் பேரில் கிடைக்கும் நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ.யும் அப்படியே.

யூனிவர்சல் கிரெடிட் வருமானம் பார்ப்பதுதான். ஆனால் அது பார்ப்பது உங்களுடையதையும் உங்கள் வாழ்க்கைத்துணையுடையதையும் மட்டும். சகோதரர், பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் வருமானத்தையும் சேமிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. 25 வயதுக்கு மேற்பட்ட தனிநபரின் அடிப்படைத் தொகையான மாதம் 400.14 பவுணும், வேலை செய்ய இயலாமைக்கான கூடுதல் தொகையும் நீங்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதற்காகக் குறைவதில்லை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில், "அண்ணா வீட்டில் சும்மா இருந்தால் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவாங்கள்" என்று சொல்லியிருப்பார். அது அங்கே எஸ்.எஸ்.ஐ. என்ற திட்டத்தின் விதி. அங்கும் 2024 செப்டெம்பர் 30இலிருந்து இலவச உணவைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பிரித்தானியாவில் அப்படியொரு வெட்டு இல்லை.

குறிப்பு: காசு மாறாவிட்டாலும் மறுபரிசீலனையில் நீங்கள் சொல்லும் பதில் மாறிவிடக் கூடாது. "அக்கா சமைக்கிறா, குளிக்க வார்க்கிறா, இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை" என்றால் உங்களுக்கு உதவியே தேவையில்லை என்று பதிந்துவிடுவார்கள். பிப் கேட்பது உதவி கிடைக்கிறதா என்பதை அல்ல, உதவி தேவையா என்பதை. அக்கா இல்லாத ஒரு நாளில் அடுப்படியில் உங்களுக்கு என்ன நடக்கும், பாதுகாப்பாகவும் திரும்பத் திரும்பவும் அளவான நேரத்திலும் அதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போனால்: வாடகைக் காசு

உறவினர் வீட்டில் அவரோடு ஒன்றாக வாழ்ந்துகொண்டு அவருக்கே வாடகை கொடுத்தால், அவர் "நெருங்கிய உறவினர்" என்ற பட்டியலில் இருக்கும்வரை யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதியும் ஹவுசிங் பெனிபிட்டும் கிடைக்காது. ஒப்பந்தம் எழுதினாலும் வங்கி மூலம் கட்டினாலும் பயனில்லை.

பட்டியலில் இருப்பவர்கள்: பெற்றோர், மாமனார், மாமியார், மகன், மகள், மருமகன், மருமகள், மறுமணத்தால் வந்த பெற்றோரும் பிள்ளைகளும், சகோதரர், சகோதரி. இவர்களுடைய வாழ்க்கைத்துணையும் இதில் அடக்கம். அதாவது அக்காவும் அத்தானும், அண்ணாவும் அண்ணியும் பட்டியலில் உண்டு.

இல்லாதவர்கள்: அம்மம்மா, அப்பப்பா, சித்தப்பா, பெரியம்மா, தாய்மாமன், அத்தை, அவர்களுடைய பிள்ளைகள், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மாமா வீட்டில் ஓர் அறையை உண்மையான வாடகைக்கு எடுத்தால் வாடகைப் பகுதி கேட்க வழி உண்டு.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பெரியப்பாவின் மகன் நமக்கு அண்ணாதான். வீட்டில் வேறு எப்படியும் அழைக்க மாட்டோம். படிவத்தில் 'பிரதர்' என்று எழுதினால் கிடைக்க வேண்டிய வாடகைக் காசு மறுக்கப்படும். ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் 'கசின்' என்றே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசும்போது "என் அப்பாவும் அவருடைய அப்பாவும் சகோதரர்கள்" என்று உறவை விரித்துச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: கூடப்பிறந்தவரை 'கசின்' என்று எழுதுவது மோசடி, பிறப்புச் சான்றிதழிலேயே பிடிபடும்.

மாமா வீட்டு வாடகை உண்மையானது என்று காட்ட வேண்டியவை:

1. இருவரும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம். அறை எது, தொகை எவ்வளவு, என்றிலிருந்து என்பன அதில் இருக்கட்டும்.
2. அந்தப் பகுதியின் நடைமுறை வாடகையை ஒட்டிய தொகை.
3. உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாதாமாதம் போன பதிவு. கையில் கொடுத்த காசை நிரூபிப்பது கடினம்.
4. மாமாவே வாடகைக்கு இருப்பவர் என்றால், அவருடைய வீட்டுக்காரர் தந்த அனுமதிக் கடிதம்.

உதவித்தொகை எடுப்பதற்காகவே உருவாக்கிய ஒப்பந்தம் என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம். "வாடகை கட்டாவிட்டால் மாமா என்ன செய்வார்?" என்று கேட்பார்கள். "ஒன்றும் செய்யமாட்டார், சொந்தம்தானே" என்று பாசத்தோடு சொல்லும் பதிலோடு விண்ணப்பம் முடிந்துவிடும். உண்மை அதுதான் என்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே சரி.

உங்களைச் சேர்த்துக்கொள்ளும் உறவினரே யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பகுதி எடுப்பவராக இருந்தால், வீட்டில் இருக்கும் 21 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மாதம் 93.02 பவுண் அவருடைய தொகையில் கழியும். உங்களுக்கு பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியோ அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ இருந்தால் உங்களுக்காகக் கழிக்க முடியாது. அந்தக் கடிதத்தின் நகலை அவர் தன் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கழித்துவிடுவார்கள்.

பலரும் கவனிக்காத பெரிய இழப்பு

கடும் இயலாமையோடு தனியே வாழ்பவருக்கு, ஓய்வூதிய வயதினரின் குறைந்த வருமானத்தை நிரப்பும் பென்ஷன் கிரெடிட்டில் ஒரு கூடுதல் தொகை உண்டு: வாரம் 82.90 பவுண். ஆண்டுக்கு 4,310.80. இது கிடைக்க மூன்று நிபந்தனைகள்:

- அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ பிப் அன்றாட வாழ்க்கைப் பகுதியோ டி.எல்.ஏ.யின் நடுத்தர அல்லது உயர் பராமரிப்புத் தொகையோ இருக்க வேண்டும்.
- 18 வயதுக்கு மேற்பட்ட வேறு ஒருவர் உங்களோடு வழமையாக வசிக்கக் கூடாது.
- உங்களைப் பராமரிப்பதற்காக யாருக்கும் கேரர்ஸ் அலவன்ஸோ யூனிவர்சல் கிரெடிட்டின் கேரர் பகுதியோ வழங்கப்படக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஹாரோவில் தனியே இருக்கும் 76 வயது அம்மா. அரச ஓய்வூதியம் வாரம் 150 பவுண், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 73.90. பென்ஷன் கிரெடிட் அவருக்கு வகுத்த அளவு 227.10; கூடுதல் தொகையோடு 310. ஓய்வூதியம் போக மிச்சம் 160 பவுணை பென்ஷன் கிரெடிட் நிரப்புகிறது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸை வருமானமாக எண்ணுவதில்லை. இவர் மகள் வீட்டுக்குப் போனாலும் மகள் இங்கே வந்தாலும் அளவு 227.10க்கு இறங்கும், கிடைப்பது 77.10தான்.

இனி இதே அம்மாவின் ஓய்வூதியம் 240 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கிடைத்த 70 பவுண் முழுவதும் நின்றுவிடும். பென்ஷன் கிரெடிட்டே இல்லை என்றானால் 75 வயதுக்கு மேற்பட்டவர்க்கான இலவசத் தொலைக்காட்சி உரிமமும் போகும். வாடகை வீட்டில் இருந்தால் ஹவுசிங் பெனிபிட்டையும் திரும்பக் கணக்கிடுவார்கள்.

ஆகவே 'வசிக்கும் பெரியவர்' என்ற நிபந்தனைக்கு உள்ள விலக்குகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். இவர்களை எண்ணுவதில்லை:

- தானும் பிப் அன்றாட வாழ்க்கைப் பகுதி அல்லது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெறுபவர்.
- கடும் பார்வைக்குறைபாடு உள்ளவராகப் பதிவு செய்தவர்.
- உங்களோடு வாடகை ஒப்பந்தத்திலோ உரிமைப் பத்திரத்திலோ கூட்டாக இருப்பவர். அவர் நெருங்கிய உறவினர் என்றால், அந்தக் கூட்டுப் பொறுப்பு நீங்கள் அந்த வீட்டில் முதன்முதல் குடியேறிய நாளிலோ அதற்கு முன்போ தொடங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது விலக்கில் வரிசைதான் எல்லாம். இருவரும் புதிதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே இரு பெயரிலும் ஒப்பந்தம் போடுங்கள். குடியேறிய பிறகு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாய்ப்புத் திரும்பாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவரையும் தனித்தனியே பார்ப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மகளுக்கு பிப் இருந்தாலும் மருமகனுக்கு இல்லையென்றால் தொகை போய்விடும்.

'சேர்ந்து வசிப்பது' என்பதற்கும் வரையறை இருக்கிறது. குளியலறை, கழிவறை, நடைவழி ஆகியவற்றை மட்டும் பகிர்வது சேர்ந்து வசிப்பதாகாது. சமையலறையைப் பகிர்ந்தால் ஆகும். பின்வளவில் தனிச் சமையலறையோடு கட்டிய சிறு வீட்டில் அம்மாவை இருத்தினால் கூடுதல் தொகை தப்பும். அவர் 65 வயதைத் தாண்டிய, அல்லது கடும் இயலாமை உள்ள, வீட்டுக்காரரைச் சார்ந்த உறவினர் என்றால் அந்தச் சிறு வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் தேவைப்படும்போது சொல்வதற்காக மட்டும் ஒரு மின்னடுப்பை மூலையில் வைப்பது வீண் வேலை. அம்மா உண்மையில் எங்கே சமைத்துச் சாப்பிடுகிறார் என்பதே கேள்வி.

*கேரர்ஸ் அலவன்ஸை எப்போது எடுப்பது?*

வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்கு 83.30 பவுண். வரி முதலியன போக அவருடைய சம்பளம் வாரம் 196 பவுணைத் தாண்டக் கூடாது. உறவினராகவோ ஒரே வீட்டில் இருப்பவராகவோ இருக்க வேண்டியதில்லை. இதைப் பற்றித் தவறான அறிவுரைகள் நிறையக் கேட்கலாம். நடைமுறையில் இரண்டு நிலைகள்தான்:

மகள் தனி வீட்டில் இருந்துகொண்டு வந்து பார்க்கிறார், அம்மா 82.90 பெறுகிறார் என்றால், மகள் 83.30 எடுத்த உடனே அம்மாவின் 82.90 போய்விடும். குடும்பத்துக்கு வரும் லாபம் 40 பென்ஸ். அதுவும் மகள் யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் கேரர்ஸ் அலவன்ஸ் அங்கே வருமானமாகக் கழிபடும். இந்த நிலையில் கணக்குப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

மகள் ஏற்கெனவே அம்மாவோடு வசிக்கிறார் என்றால் 82.90 முன்பே போய்விட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை. மகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம் பின்னோக்கியும் கேட்கலாம். "அம்மாவின் காசு குறைந்துவிடும்" என்று பயந்து ஆண்டுக்கணக்கில் இதை எடுக்காமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

பராமரிப்பவர் தாமே ஓய்வூதியம் பெறும் மூத்த சகோதரி என்றால், ஓய்வூதியம் 83.30க்கு மேல் இருக்கும்போது கேரர்ஸ் அலவன்ஸ் காசாக வராது, உரிமை மட்டும் பதிவாகும். காசாக வழங்கப்படாததால் மற்றவரின் 82.90க்கு அதனால் பாதிப்பில்லை. சகோதரி பென்ஷன் கிரெடிட்டில் இருந்தால் அவருக்கு வாரம் 46.40 கூடலாம்.

ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கு: யூனிவர்சல் கிரெடிட்டில் இந்தக் கூடுதல் தொகை இல்லவே இல்லை. பழைய ஈ.எஸ்.ஏ. போன்றவற்றில் அதைப் பெற்று மாறியவர்களுக்கு மட்டும் ஓர் இடைக்கால ஈடு சேர்த்துத் தரப்படுகிறது. அது வந்ததற்கு ஒரு வழக்கும் காரணம். வேறு கவுன்சில் பகுதிக்கு வீடு மாறியதாலேயே யூனிவர்சல் கிரெடிட்டுக்குத் தள்ளப்பட்டு, மாதம் ஏறத்தாழ 180 பவுண் இழந்த இருவர் வழக்காடினார்கள். டி.பி., ஏ.ஆர். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்டவர்கள் அவர்கள். 2018 ஜூனில் உயர்நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்த்தது. அந்த இடைக்கால ஈடு இப்போது உங்களுக்கு வருகிறது என்றால், உறவினர் ஒருவர் வந்து குடியேறினார் என்பதற்காக மட்டும் அது நிற்காது. வாடகைப் பகுதி கூடினால் அந்த அளவுக்கு அது தேயும். வாழ்க்கைத்துணையோடு சேர்ந்தால் முடிந்துவிடும். எனவே யூனிவர்சல் கிரெடிட் கணக்கை நீங்களாக மூடிவிட்டுப் புதிதாகத் திறக்காதீர்கள். விலாசத்தை மட்டும் மாற்றுங்கள்.

உறவினர் உங்கள் வீட்டுக்கு வந்தால்

மேலே சொன்ன 93.02 கழிவு இப்போது உங்கள் வாடகைப் பகுதியில் விழலாம். உங்களுக்கு பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருந்தால் யார் வந்தாலும் கழிக்க முடியாது. நடமாட்டப் பகுதி மட்டும் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் தம்பியைச் சேர்த்துக்கொண்டு முதல் மாதத்திலேயே அதிர்ந்தவர்கள் உண்டு.

நன்மையும் ஒன்று உண்டு. கவுன்சில் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்ததால் 14 விழுக்காடு வெட்டப்பட்டிருந்தால், தம்பி அந்த அறையில் குடியேறியதும் அந்த வெட்டு நீங்கும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்ட பிறகே அவரைக் குடியேற்றுங்கள்.

கவுன்சில் டாக்ஸில் தனியாளுக்கான 25 விழுக்காட்டுக் கழிவு போகும். ஆனால் வாரம் 35 மணி நேரம் உங்களைப் பராமரிக்கவே ஒரே வீட்டில் இருப்பவரை, அவர் உங்கள் வாழ்க்கைத்துணை இல்லையென்றால், எண்ணாமல் விட வழி இருக்கிறது. மறதி நோய் போன்ற கடும் மனநிலைப் பாதிப்பு என்று மருத்துவர் சான்று தந்தவரையும் எண்ணுவதில்லை. சக்கர நாற்காலி உள்ளே நடமாட இடம் ஒதுக்கிய வீடு, அல்லது இயலாமைக்காகவே இன்னொரு குளியலறை கட்டிய வீடு என்றால் வரிப்படி ஒன்று கீழே இறங்கும். வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். இவற்றைக் கவுன்சில் தானாக முன்வந்து சொல்வது அரிது.

வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு

யூனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் தொகை குறையும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும். சொந்த வீட்டில் குடியிருக்கும்வரை அதன் பெறுமதியை எண்ணமாட்டார்கள். வெளியேறிய பிறகு எண்ணுவார்கள். விற்க முயன்றுகொண்டிருந்தால் ஆறு மாதம் விட்டுக்கொடுப்பார்கள். விற்ற காசில் இன்னொரு வீடு வாங்கும் எண்ணம் இருந்தாலும் ஆறு மாதம் உண்டு. விற்ற காசோடு தங்கை வீட்டில் போய் இருந்தால் அது வெறும் சேமிப்புத்தான்.

"அப்படியென்றால் காசைத் தங்கைக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று கிளம்புவார்கள். உதவித்தொகைக்காகக் கைவிட்ட காசு என்று கருதினால் அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். காசும் போய், உதவித்தொகையும் போய்விடும். பென்ஷன் கிரெடிட்டில் 16,000 என்ற மேல்வரம்பு கிடையாது. 10,000க்கு மேல் ஒவ்வொரு 500 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானமாகச் சேர்ப்பார்கள். கைவிட்ட காசை இன்னும் உங்களிடம் இருப்பதாக எண்ணும் விதி அங்கும் உண்டு.

குடிபோகும் படிமுறை

1. கடிதங்களைச் சேருங்கள். இப்போது வரும் ஒவ்வொரு உதவித்தொகைக்கும் கடைசியாக வந்த கடிதத்தை எடுத்து மேசையில் வையுங்கள். பென்ஷன் கிரெடிட் கடிதத்தில் கடும் இயலாமைக்கான தொகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. உறவினரின் கடிதங்களையும் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். உங்கள் வருகையால் அவருடைய கவுன்சில் டாக்ஸ் ஏறி, அந்த மனக்கசப்பு சமையலறையில் தொடங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

3. இரண்டு கணக்குப் போடுங்கள். டர்ன்டுஅஸ் என்ற இணையத்தளத்தில் இருக்கும் உதவித்தொகைக் கணிப்பானில் இப்போதைய நிலையை ஒரு தரமும், சேர்ந்து வசிக்கும் நிலையை ஒரு தரமும் இட்டு இரண்டையும் அச்செடுங்கள். உறவினருக்கும் அப்படியே.

4. மனிதரிடம் காட்டுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஏஜ் யூகே அலுவலகத்தில் அந்தத் தாள்களோடு உட்காருங்கள். கணிப்பான் கூட்டு வாடகை, தனிச் சமையலறை போன்ற விலக்குகளைக் கேட்காமல் விடலாம்.

5. வெள்ளோட்டம் பாருங்கள். வீட்டைக் கைவிடாமல் சில வாரம் போய் இருங்கள். திரும்பி வரும் எண்ணத்தோடு ஆறு மாதத்துக்கு மேற்படாமல் விலகியிருந்தால் யூனிவர்சல் கிரெடிட் வாடகைப் பகுதி தொடரும். ஹவுசிங் பெனிபிட் பொதுவாக 13 வாரம். இடையில் அந்த வீட்டை வேறு யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. போகும்போதே அறிவித்துவிடுங்கள்.

6. வேறு கவுன்சில் பகுதி என்றால் முன்கூட்டியே பராமரிப்பைப் பேசுங்கள். 2014ஆம் ஆண்டின் கேர் அக்ட் படி, புதிய கவுன்சில் நீங்கள் வரும் நாளுக்குள் உங்கள் தேவையை மதிப்பிட வேண்டும். முடிக்காவிட்டால் பழைய கவுன்சில் தந்த பராமரிப்பைத் தொடர்ந்து தர வேண்டும். நீங்கள் அறிவித்தால்தான் இந்தக் கடமை தொடங்கும்.

7. வீட்டு மாற்றங்களுக்கு விண்ணப்பியுங்கள். தரைமட்டக் குளியலறை, சரிவுப்பாதை போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை மானியம் உண்டு. பார்ப்பது இயலாமை உள்ள பெரியவரின் வருமானத்தையும் அவருடைய துணையின் வருமானத்தையும்; வீட்டுக்கார மகளின் சம்பளத்தை அல்ல. அனுமதிக் கடிதம் வருமுன் ஒரு ஓடு கூடப் பதிக்காதீர்கள். தொடங்கிய வேலைக்குப் பணம் தரமாட்டார்கள்.

8. குடிபோன அன்றே அறிவியுங்கள். பிப் அலுவலகம், யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் சேவை, கவுன்சிலின் கவுன்சில் டாக்ஸ் பிரிவு, ஹவுசிங் பெனிபிட் பிரிவு, சமூகசேவைப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. பிப்புக்குச் சொன்னது மற்றவர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது. தொலைபேசியில் சொன்னால் நாள், நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள்.

9. புளூ பேட்ஜ், பயண அட்டை, மோட்டபிலிட்டி கார் ஆகியவற்றுக்கும் புதிய விலாசத்தை அறிவியுங்கள். இலண்டனில் மாற்றுத்திறனாளிக்கான ஃப்ரீடம் பாஸ் என்ற பயண அட்டையை வழங்குவது அவரவர் பரோ கவுன்சில். வேறு பரோவுக்குப் போனால் அங்கே கேட்க வேண்டும்.

அறிவிக்கும் செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இன்ன தேதியிலிருந்து இந்த விலாசத்தில் வசிக்கிறேன். வீடு என் சகோதரியுடையது. வீட்டில் அவரும் அவர் கணவரும் இருக்கிறார்கள். நான் வாடகை கொடுப்பதில்லை. என் உடல்நிலையில் மாற்றமில்லை." இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். விலாச மாற்றத்தை யாரும் உடல்நிலை மாற்றமாகப் படித்துவிடக் கூடாது.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

"தபால் மட்டும் பழைய விலாசத்துக்கு வரட்டும்" என்று விட்டுவைப்பது. மறுபரிசீலனைப் படிவம் அங்கே போய் விழுந்து, பதில் இல்லை என்று பிப் நிற்கும். அறிவிக்காததால் கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதோடு 50 பவுண் தண்டமும் வரலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் பிழை அலுவலகத்துடையதாக இருந்தாலும் கூடுதல் தொகையை மீட்க அவர்களுக்கு உரிமை உண்டு. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று அதிகம் வந்தால் செலவழிக்காமல் கேட்டுப்பாருங்கள்.

பராமரிப்புக்காகக் கவுன்சில் தரும் டைரக்ட் பேமென்டிலிருந்து, ஒரே வீட்டில் வசிக்கும் அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பது. ஒரே வீட்டிலுள்ள நெருங்கிய உறவினருக்குப் பராமரிப்புக் கூலி தர அந்தக் காசைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. கவுன்சில் அவசியம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே முடியும். தனி வீட்டில் இருந்தபோது வேலைக்கு அமர்த்திய அதே அக்கா, ஒரே கூரையின் கீழ் வந்ததும் விதி மாறிவிடுகிறது.

பொது நிதி பெறத் தடை உள்ள விசாவில் இருக்கும் உறவினர் பெயரில் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிப்பது. அவருடைய விசாவுக்கே ஆபத்து. அவர் உங்களோடு வசிப்பதால் உங்கள் பிப்புக்கு ஒன்றும் வராது. அவர் தன் பெயரில் எடுப்பதுதான் சிக்கல். முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பாதுகாப்பு

கவுன்சில் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் இரண்டு தரம் யோசியுங்கள். ஆறு மாதத்தில் மனக்கசப்பு வந்து வெளியேறினால், நல்ல வீட்டைத் தானாகக் கைவிட்டவர் என்று சொல்லிக் கவுன்சில் புதிய வீடு தர மறுக்கக்கூடும். பாதுகாப்பான வாடகை உரிமை இலண்டனில் திரும்பக் கிடைப்பது கடினம். இதை வாரம் 82 பவுணைவிடப் பெரிய விஷயமாக நான் எண்ணுவேன்.

காசு உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும். "எல்லாம் ஒரே வீடுதானே, என் கணக்கில் போட்டுவிடு" என்பதற்கு இணங்காதீர்கள். சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் மாதம் இவ்வளவு என்று பேசி, வங்கி மூலம் கொடுங்கள். நினைவாற்றல் குறைந்து தாமே கையாள இயலாதவர் என்றால், உதவித்தொகைகளை வழங்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. ஒருவரைச் சட்டப்படி பொறுப்பாளராக நியமிக்கும். அவர் பெறும் காசு உரியவரின் நலனுக்காகவே செலவழிய வேண்டும். தவறினால் நியமனத்தை நீக்கும்படி யாரும் முறையிடலாம். வங்கி அட்டையும் பிப் கடிதங்களும் உரியவரின் கையிலோ அவர் நம்பும் வெளியாளின் கையிலோ இருப்பது நல்லது.

முடிவுக் கடிதம் வந்து, காசு தவறாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். எந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துகிறது என்று ஒரே வரியில் எழுதி, வாடகை ஒப்பந்தத்தின் நகலையோ உறவினரின் பிப் கடிதத்தையோ இணையுங்கள். அதிலும் மறுத்தால் மறுபடியும் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மேல்முறையீட்டுப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள்.